நாலாம் நம்பர் கேமராவும் கண்டக்டரின் வேட்டியும்

உதியன்குளங்கரை ஜங்ஷனில் 'கருணா ஹைப்பர் மார்க்கெட்' திறந்து இரண்டு வருடம் ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அந்தக் கடையின் சோதனைகளைத் திட்டாத மனிதர் ஊரில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ரெத்தினதாஸ்.

ஹைப்பர் என்பது கொஞ்சம் கூடுதலான பேச்சு. முன்பு ஒரு உரக்கடையும் ஒரு தையல் கடையும் இருந்த இடத்தில் நடுச்சுவரை இடித்து ஏசி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சோதனை விஷயத்தில் விமான நிலையம் தோற்றுப்போகும். உள்ளே நுழையுமுன் கையிலுள்ள பையின் வாயைப் பிளாஸ்டிக் வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். குடையையும் ஹெல்மெட்டையும் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். சவரப் பிளேடு, பால்பவுடர், வாசனை ஸ்பிரே மூன்றும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி மாடியில், முதலாளி அறையில். சாவி வருவதற்குள், இனி தாடி வளர்ப்பது என்று முடிவு செய்துகொண்டு போனவர்களும் உண்டு. எல்லாம் முடிந்து வெளியே வந்தால், வாசலில் நிற்பவர் பில்லைப் பார்த்து, சாமானைப் பார்த்து, மறுபடி பில்லைப் பார்த்து, அதில் ஒரு ஓட்டை போட்டுத் தருவார். தலைக்கு மேலே எட்டு கேமரா.

ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். "நம்ம என்ன கள்ளம்மாரா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கினார்கள். கேட்டுக்கொண்டே மறுநாளும் வந்தார்கள். ஏசி நன்றாக இருந்தது.

ரெத்தினதாஸ் வேறு மாதிரி யோசித்தார். பை கட்டுகிறவர் ஒரு ஆள், டோக்கன் தருகிறவள் ஒரு ஆள், சாவி கொண்டுவருகிறவன் ஒரு ஆள், பில் போடுகிறவள் ஒரு ஆள், ஓட்டை போடும்போது மறுபடியும் முதல் ஆள். ஒரு பிளேடு வாங்கினால் ஐந்து முறை வாய் திறக்கலாம். வீட்டில் இருந்தால் அது ஒரு வாரத்துப் பேச்சு.

அவர் அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டராக இருந்தவர். அதில் பெரும்பகுதி நெய்யாற்றின்கரையிலிருந்து பொழியூருக்குப் போகிற வண்டி. ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் அவரோடு பேசினார்கள். பாதிப் பேர் சண்டைதான் போட்டார்கள். சண்டையும் பேச்சில் சேர்த்தி. ஓய்வு பெற்ற மறுநாள் காலை அந்த எண்ணூறு பேரும் ஒரே நேரத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது மனைவி பிரேமகுமாரி. அவள் நான்கு வருடத்துக்கு முன்னால் இறங்கினாள். மகள் ஷெர்லி அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவாள்; மருந்து குடித்தீர்களா, கதவைப் பூட்டினீர்களா என்று கேட்பாள்; போனைக் குழந்தையின் கையில் கொடுப்பாள்; குழந்தை அதைத் தரையில் போடும்; மீதி நேரம் ரெத்தினதாஸ் அயர்லாந்தின் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்றபடி வீட்டில் சத்தம் போடுகிற ஒரே பிராணி பிரஷர் குக்கர். அது இரண்டாவது விசில் அடிக்கும்போது, பஸ்ஸில் இரட்டை மணி அடித்து வண்டியைக் கிளப்பின பழக்கத்தில், "போட்டே" என்பார். வண்டி போகாது. அடுப்பை அணைப்பார்.

அதனால்தான் அவர் ஒரு நாளைக்கு ஒரு சாமான் என்று வைத்திருந்தார். திங்கள் சோப்பு, செவ்வாய் பிளேடு, புதன் தீப்பெட்டி. ஒன்றும் தேவைப்படாத நாளில் உப்பு. தேவைப்படாத நாள்கள் அதிகம் என்பதால் சமையலறைப் பரணில் பத்தொன்பது பாக்கெட் உப்பு சேர்ந்துவிட்டது.

வாசலில் பை கட்டுகிறவர் சகாயதாஸ். பொழியூர்க்காரர். தோள்பட்டை இறங்கிப்போய் கடலுக்குப் போக முடியாமல், முதுகில் 'செக்யூரிட்டி' என்று எழுதிய நீலச் சட்டைக்குள் வந்து சேர்ந்தவர்.

"இன்னைக்கு வலையில என்ன கோளு கண்டக்டர் அண்ணே?"

"ஒரு பாக்கெட் உப்பு."

"நேத்தும் உப்புதானே கொண்டு போனீரு? வீட்டில கருவாடு போடுறீரா?"

"நீ கெட்டுறதைக் கெட்டு."

"காலிப் பையாக்கும் அண்ணே. உள்ள காத்துதான் இருக்கு. காத்தைக் கெட்டி வச்சு என்ன காரியம்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணாக்கும் சகாயா. கெட்டு."

சகாயதாஸ் கட்டுவார். ரெத்தினதாஸ் கட்டிய காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போவார். திரும்பும்போது உப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். வீட்டில் போய்க் கத்தியால் வாரை அறுப்பார். மறுநாள் மறுபடி கட்ட வேண்டுமே.

கடையின் நடுவில் ஒரு தூண் உண்டு. உரக்கடைக்கும் தையல் கடைக்கும் இடையில் இருந்த சுவரின் மிச்சம் அது. இடித்தால் மாடி கீழே வந்துவிடும் என்று எஞ்சினியர் சொன்னதால் தப்பியது. இடது பக்கம் பிஸ்கட், வலது பக்கம் முந்திரிப்பருப்பு. தூணில் ஒரு மனிதரின் படம், மின்சார மாலையோடு. அவர் முதலாளி பிபினின் அப்பா கருணாகரன். கடையின் பெயரில் உள்ள கருணா அவர்தான். அவரோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அந்தப் பெயரை நம்ப மாட்டார்கள். உயிரோடு இருந்த காலத்தில் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். நெய்யாற்றின்கரை முதல் கடற்கரை வரை கண்டக்டர்களைச் சில்லறையை இரண்டு தரம் எண்ணவைத்தவர். எந்த வளைவில் ஏறுவார், எந்த வேடத்தில் ஏறுவார் என்று தெரியாது. ரெத்தினதாஸுக்கு மட்டும் இரண்டு மெமோ கொடுத்திருக்கிறார். இரண்டும் நியாயமான மெமோ, அதனால்தான் மரியாதை.

இந்தப் பக்கத்தில் ஆண்கள் வேட்டியை முழங்கால் வரை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். மரியாதைக்குரியவர் எதிரே வந்தால் மடிப்பை இறக்கிவிடுவார்கள். அவர் கடந்துபோனதும் மறுபடி மடித்துக் கட்டுவார்கள். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகச் செய்யும். ரெத்தினதாஸின் கையும் செய்தது. தூணை நெருங்குவார்; படத்தை நிமிர்ந்து பார்ப்பார்; இரண்டு கையும் இடுப்புக்குப் போகும்; வேட்டி கீழே விழும்; தலையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு நகர்வார்; நாலடி தள்ளி மறுபடி மடித்துக் கட்டுவார். உப்பு எடுக்கப் போகும்போது ஒரு தரம், எடுத்துக்கொண்டு வரும்போது ஒரு தரம். சோப்பு எடுக்கத் தூணைச் சுற்றிப் போக வேண்டும், அன்று நாலு தரம்.

நாலாம் நம்பர் கேமரா அதே தூணின் உச்சியில் இருந்தது. படம் அதன் கண்ணில் படாது. படத்துக்கு முன்னால் நிற்கிறவன் மட்டும் படுவான்.

ஆக, கேமரா கண்டது இது: தினமும் வருகிற ஒரு மனிதர். அரை மணி நேரம் சுற்றுகிறார், ஒரே ஒரு சாமான் வாங்குகிறார். தோளில் பை. முந்திரிப்பருப்பு அலமாரியின் அருகே வந்ததும் திருட்டுத்தனமாக மேலே பார்க்கிறார், இடுப்பில் ஏதோ செய்கிறார், வேட்டியை இறக்கி மறைக்கிறார், போகிறார்.

பிபின் கல்ஃபில் ஒரு பெரிய கடையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவன். திருடனைப் பிடிப்பதைவிடத் திருடவிடாமல் செய்வதுதான் நாகரிகம் என்று அங்கே படித்திருந்தான். சந்தேகப்படுகிற ஆளின் பின்னாலேயே ஒரு பெண்பிள்ளையை அனுப்ப வேண்டும். சிரித்த முகத்தோடு, என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே கூட நடக்க வேண்டும். வாய் பேச வேண்டும், கண் அவருடைய கையில் இருக்க வேண்டும். இதற்கு 'கஸ்டமர் கேர்' என்று பெயர்.

அப்படித்தான் சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அனகா வந்தாள். இருபத்திரண்டு வயது, பி.காம். சட்டைப்பையில் பெயர் எழுதிய பட்டை.

"என்ன வேணும் அங்கிளே?"

"பிளேடு."

"வாங்க, நான் கூட வாறேன். சாவி வரட்டு." நின்றுகொண்டே இருப்பது அவளுக்கே சங்கடமாகியிருக்க வேண்டும். "இன்னைக்கு என்ன கறி அங்கிளே?"

ரெத்தினதாஸுக்கு ஒரு நொடி புரியவில்லை. கடைசியாக யார் இதைக் கேட்டது என்று யோசித்தார். ஷெர்லி கேட்பதெல்லாம் மருந்து. டாக்டர் கேட்பது உப்பு, அதுவும் குறைக்கச் சொல்லி. கறி என்ன என்று யாரும் கேட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

"சாம்பார்," என்றார். உண்மைதான். ஞாயிறன்று வைத்தது.

"செவ்வாய்க்கிழமை மீன் வராதா?"

"வரும். ஒரு ஆளுக்கு எதுக்கு மீனு?"

"ஒரு ஆளும் ஆளுதானே."

இதை அவள் சிந்தித்துச் சொல்லவில்லை. கண் அவர் கையில் இருந்தது, வாய் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ரெத்தினதாஸ் மறுநாள் காலை எட்டு மணிக்கு மீன்காரியின் வண்டிக்காக வாசலில் நின்றார். சாளை வாங்கினார். புளி போட்டுக் குழம்பு வைத்தார். பதினொரு மணிக்குக் கடைக்குப் போய், தீப்பெட்டி அலமாரியின் முன்னால் நின்று, கேள்விக்காகக் காத்திருந்தார்.

"இன்னைக்கு என்ன கறி அங்கிளே?"

"சாளை," என்றார், பரீட்சையில் விடை தெரிந்தவர் போல.

அதிலிருந்து தினமும் ஒரு கறி. நெத்தோலியில் மாங்காய் போட்டது. சக்கைக்குருவும் முருங்கைக்காயும். மரச்சீனிக் கிழங்கும் சாளையும். மூன்று நாளைக்கு ஒரே சாம்பாரைச் சுடவைத்துச் சாப்பிட்ட மனிதர், சொல்வதற்கு ஒன்று வேண்டும் என்பதற்காகச் சமைத்தார். இரத்தக் கொதிப்பு இறங்கியது. சட்டைக்கு இஸ்திரி போட்டார். திருட்டுத் தடுப்பு நடவடிக்கையால் இவ்வளவு தேறிய மனிதர் உலகத்தில் வேறு இருக்க முடியாது.

கறி முடிந்தால் பஸ் கதை. அனகாவுக்கும் அது சௌகரியமாக இருந்தது. கதை சொல்கிற ஆளின் கை எங்கும் போகாது. அவளுக்கு உட்கார ஸ்டூல் கிடையாது, பதினோரு மணி நேரம் நிற்க வேண்டும். மசாலா அலமாரியைத் துடைப்பதைவிட இவர் பின்னால் நடப்பது தேவலை. "பிறகு?" என்று அவள் கேட்டதில் எத்தனை பங்கு வேலை, எத்தனை பங்கு ஆசை என்று அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கதைகளில் நீளமானது கருணாகரன் சக்கைப்பழத்தோடு, அதாவது பலாப்பழத்தோடு, பஸ் ஏறிய கதை. அதை அவர் நான்கு நாளாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"பிளாமூட்டுக்கடையில வண்டி நிக்குது. ஒரு ஆளு ஏறுறான். தலையில துண்டு, அழுக்கு முண்டு, தோளில இம்மாம் பெரிய சக்கை. டிரைவருக்குத் தெரியல்ல, ஒருத்தனுக்கும் தெரியல்ல. எனக்கு மட்டும் தெரிஞ்சு போச்சு."

"எப்படி அங்கிளே?"

"செருப்பு மக்களே. சக்கை சுமக்கிறவன் காலில பாலீஷ் போட்ட செருப்பு. இன்ஸ்பெக்டராக்கும். இப்போ பாரு, தெரியாத மாதிரி நடிக்கணும். நடிச்சா, சக்கைக்கு லக்கேஜ் டிக்கெட்டு கேக்கணும். இன்ஸ்பெக்டர்கிட்டே சக்கைக்கு டிக்கெட்டு கேக்க எவனுக்கு தைரியம் உண்டு?"

"பிறகு?"

"மிச்சம் நாளைக்கு."

வேடம் போட்ட இன்ஸ்பெக்டரைச் செருப்பை வைத்துக் கண்டுபிடித்த அதே மனிதர், தன் பின்னால் இரண்டடி தள்ளி வேடமே போடாமல் நடந்துவந்த சோதனையைக் கண்டுபிடிக்கவில்லை. நாற்பத்து மூன்று நாள். இஸ்திரி போட்ட சட்டையோடு, காலிப் பையோடு, ஒரு நாளும் தவறாமல்.

ஆனி மாதத்தில் கடையில் இருப்பு சரிபார்த்தார்கள். முந்திரிப்பருப்பு பாக்கெட் பதினேழு குறைந்தது. அந்தப் பதினேழும் எங்கே போயின என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் அன்று பிபினுக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. ரெத்தினதாஸ் பில் போட்டுக்கொண்டு திரும்பும்போது, "அங்கிள், ஒரு நிமிஷம் மேல வரணும்," என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். நாற்காலியும் போட்டான்.

மேசையில் ஒரு திரை. அதில் நாலாம் நம்பர் கேமராவின் துண்டுப் படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

ரெத்தினதாஸ் முதலில் பார்த்தது தன் உச்சந்தலையை. இவ்வளவு வெளுத்துவிட்டது என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்ல ஒரு ஆள் வேண்டும். பிறகு வேட்டியைப் பார்த்தார். இறங்குகிறது, ஏறுகிறது. இறங்குகிறது, ஏறுகிறது.

"இதில சத்தம் இல்லியா மக்கா?"

"சிசிடிவியில சத்தம் இருக்காது அங்கிள்."

"இல்ல, நான் இதில பேசிக்கிட்டு வாறேன். அதாக்கும் கேட்டேன்."

பேசுகிறார்தான். வாய் அசைகிறது. கையை விரித்துச் சக்கையின் அளவு காட்டுகிறார். அவருடைய நினைவில் அனகா பக்கத்தில் நடந்துவந்தாள், முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். திரையில் அவள் பக்கத்தில் இல்லை. இரண்டடி பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக நின்றாள். அவர் முன்னால் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகிறார். அவள் கண் அவருடைய கையை விட்டு ஏறவே இல்லை. நாற்பத்து மூன்று நாளும் அப்படித்தான். முப்பத்தோரு வருடம் அவரே பயணிகளை அப்படிப் பார்த்தவர்; அந்தப் பார்வைக்கு யாரும் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அலமாரிகளுக்கு நடுவே இருந்த அந்த அகலமான பாதையில், மேலிருந்து பார்க்க, ஒரு ஆள் தனியாகப் பேசிக்கொண்டு போகிற மாதிரித்தான் இருந்தது.

"நான் போலீஸுக்கெல்லாம் போகல்ல அங்கிள்," என்றான் பிபின். "முண்டுக்குள்ள என்ன வைக்கிறீங்கன்னு மட்டும் சொன்னா மதி."

"ஒண்ணும் வைக்கல்ல. அது உங்க அப்பாவாக்கும்."

"அப்பாவா?"

"நீ தூணில அப்பாவை மாட்டி வச்சிருக்கிய. அவருக்கு முன்னால முண்டை மடக்கிக் கெட்டிட்டு எப்படிப் போறது? இறக்கி விடுவேன். தாண்டினா ஏத்திக் கெட்டுவேன். வேற ஒண்ணும் இல்ல."

பிபின் திரையைப் பார்த்தான். இன்னொரு துண்டை ஓடவிட்டான். நிமிர்ந்து பார்ப்பது, இறக்குவது, தலை தாழ்த்துவது. இப்போது அதைத் தவிர வேறொன்றும் அதில் தெரியவில்லை. ஜீன்ஸ் போட்ட பையன். அப்பாவின் படத்தின் முன்னால் அவன் ஒரு நாளும் நின்றதில்லை, மின்சார மாலையின் சுவிட்சைப் போட்டு அணைப்பதோடு சரி. எழுந்து வந்து ரெத்தினதாஸின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிக்கணும் அங்கிள். தெரியாமப் போச்சு."

"சாரமில்ல, போகட்டு. உங்க அப்பாவும் சோதிச்சுப் பாத்துதான் நம்புவாரு."

அந்த நேரத்தில் பிபினுக்குக் கண் நிறைந்துவிட்டது. உணர்ச்சிவசப்பட்ட முதலாளி ஆபத்தானவன். மேசை இழுப்பறையிலிருந்து பொன்னிற அட்டை ஒன்றை எடுத்து, 'பிரிவிலேஜ் கஸ்டமர்' என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே ரெத்தினதாஸின் பெயரைத் தன் கையாலேயே எழுதினான்.

"இனி உங்க பையைக் கெட்ட வேண்டாம். பில்லு நோக்க வேண்டாம். பிளேடு அலமாரிச் சாவியை நீங்க வாறதுக்கு முன்னால தயாரா வைக்கச் சொல்றேன். பின்னால ஒரு ஆளும் வராது. இது என் வாக்கு."

"அதெல்லாம் வேண்டாம் மக்கா. எல்லாருக்கும் உள்ளது எனக்கும் இருக்கட்டு."

"இல்ல அங்கிள். இது மரியாதையாக்கும்."

ரெத்தினதாஸின் நாக்கின் நுனி வரை ஒன்று வந்தது. அந்தப் பிள்ளை மட்டும் கூட வரட்டும் என்று. ஆனால் ஒரு நேர்மையான மனிதர், என்னைத் தொடர்ந்து சந்தேகப்படுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பார்? அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

படிக்கட்டின் கீழே அனகா நின்றாள்.

"அங்கிளே, எனக்கு வெசனமாக்கும். சொன்னதைச் செஞ்சேன்."

"ஜோலிதானே மக்களே. எனக்கும் அதே ஜோலிதான், முப்பத்தோரு வருஷம்."

"அந்தச் சக்கைக் கதை..." அவள் கொஞ்சம் தயங்கினாள். "பிறகு அவர்கிட்டே டிக்கெட்டு கேட்டீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். முகத்தில்தான் இருந்தது. இருந்தும் அவருக்குப் போதவில்லை.

"அவரு ஸ்டாப்பில இறங்கிப் போனாரு," என்றார். "அவ்வளவுதான் கதை."

மறுநாள் மீன்காரியின் வண்டி வாசலில் நின்று, ஹாரன் அடித்து, போயிற்று. ரெத்தினதாஸ் உள்ளேயே இருந்தார். ஒரு வாரம் கடைப்பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் போனார். வேறு எங்கே போக?

மரியாதை முழுவீச்சில் நடந்தது. சகாயதாஸ் பையைத் தொடவில்லை. "முதலாளி ஆர்டராக்கும் அண்ணே, நீங்க விஐபி," என்று ஒதுங்கி வழிவிட்டார். பிளேடு கேட்டால் சாவி ஏற்கெனவே பூட்டில் தொங்கியது. பொன்னிற அட்டைக்குத் தனிக் கவுண்டர், அங்கே வரிசை இல்லை. வரிசை இல்லாத இடத்தில் முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. பில் போடுகிற பெண் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே முடித்தாள். அவர் உள்ளே வந்து வெளியே போக இனி நான்கு நிமிடம் போதும் என்று ஆனது. மற்றவர்கள் இந்த அட்டைக்காகப் பிபினிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

தூணில் படமும் இல்லை. இன்னொரு தப்பு நடக்கக் கூடாது என்று பிபின் அப்பாவை மாடி அறைக்குக் கொண்டுபோயிருந்தான். ஆணி மட்டும் இருந்தது. ரெத்தினதாஸின் கை இடுப்புக்குப் போய், ஆணியைக் கண்டு, திரும்பி வந்தது.

அவர் ஒரு காரியம் செய்தார். அலமாரியிலிருந்து ஒரு கிராம்பு பாக்கெட்டை எடுத்து, நாலாம் நம்பர் கேமராவை நிமிர்ந்து பார்த்து, வேட்டி மடிப்புக்குள் வைத்தார். வைத்துவிட்டு நின்றார். ஆள் வராத ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திப் போட்டுக் காத்திருக்கிற மாதிரி நின்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சரக்கு அடுக்குகிற ஒருவன் "குட் மார்னிங் அங்கிள்" என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியோடு கடந்துபோனான். வேறு யாரும் வரவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டுப் பாக்கெட்டை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தார். மற்றவற்றோடு சரியான வரிசையில், முகப்பு முன்னால் தெரியும்படி.

அப்போதுதான் பிஸ்கட் அலமாரியின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"இன்னைக்கு என்ன கறி ஆன்ட்டியே?"

ரெத்தினதாஸ் அலமாரியின் ஓரத்தில் போய் நின்றார். ஷியாமளா. நெய்யாற்றின்கரையில் தையல் கடையில் வேலை பார்த்தவள். இருபது வருடம் காலை எட்டரை வண்டியில் அவரிடம் டிக்கெட் வாங்கியவள். புருஷன் இல்லை, மகன் பெங்களூரில். சமீபத்தில் கண்ணில் ஆபரேஷன். ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்து, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தேதி படிக்கக் குனிந்து கண்ணை அருகே கொண்டுபோவாள். கைப்பையின் வாய் எப்போதும் அரைகுறையாகத் திறந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று ரெத்தினதாஸுக்கு இப்போது நன்றாகத் தெரியும். இரண்டடி பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக அனகா. கண், ஷியாமளாவின் கையில்.

"அவியல் வச்சேன் மக்களே," என்றாள் ஷியாமளா. "நேத்து நீ கேட்டதுக்குச் சோறும் தயிரும்னு சொல்லிட்டேன், எனக்கே நாணமாப் போச்சு. காலத்தே எழும்பி அவியலாக்கும் வச்சேன்."

"ஒரு ஆளும் ஆளுதானே ஆன்ட்டி," என்றாள் அனகா.

அந்த வாக்கியம் ரெத்தினதாஸ் நினைத்த மாதிரி அவருக்காக மட்டும் செய்யப்பட்டதல்ல. அலமாரியில் இருக்கிற மற்ற சரக்கைப் போலத்தான், கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பது. அல்லது அவளுக்கு அது உண்மையாகவே தோன்றுகிறதோ என்னவோ. இரண்டில் எது என்று கண்டுபிடிக்க அவள் காலில் பாலீஷ் போட்ட செருப்பு இல்லை.

ஷியாமளா திரும்பினாள். இஸ்திரி போட்ட புடவை. பொட்டு வைத்திருந்தாள்.

"கண்டக்டர் சாரல்லியா? எத்தனை காலமாச்சு பாத்து. எனக்கு இந்தக் கடை பிடிச்சுப் போச்சு கேட்டீரா. இந்தப் பிள்ளை நான் எங்க போனாலும் கூடவே வரும். ஒரு ஆளுக்கு ஒரு ஆளு வச்சு கவனிக்கிறாங்க."

அனகா தரையைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. இனி அவர் வாயில்தான் இருந்தது எல்லாம். ஒற்றை மணி அடித்தால் வண்டி நிற்கும். ஷியாமளா இறங்கிவிடுவாள், நாளை அவியல் வைக்க மாட்டாள், சோறும் தயிரும் போதும் என்று இருந்துவிடுவாள். அவருக்குத் தெரிந்ததை அவளும் தெரிந்துகொள்வாள். அதுதானே நியாயம். கூட ஒரு ஆளும் கிடைப்பாள், அவமானத்தைப் பங்கு போட.

"நல்ல பிள்ளையாக்கும்," என்றார் ரெத்தினதாஸ். "எனக்கும் தெரியும். நீங்க நாளைக்கும் வாங்க."

அனகா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் அதற்குள் உப்பு அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார்.

வாசலில் சகாயதாஸ் பில்லை வாங்கவில்லை. ரெத்தினதாஸ் நீட்டியபடி நின்றார். பின்னால் இரண்டு பேர் வந்து, இருமி, சுற்றிக்கொண்டு போனார்கள்.

"வேண்டாம் அண்ணே. சொல்லியாச்சே." சகாயதாஸ் சட்டைப் பொத்தானைத் திருகினார். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்டார்.

ரெத்தினதாஸ் தலையைத் தூக்கினார். வாசலுக்கு மேலே முதலாம் நம்பர் கேமரா. சகாயதாஸின் கண்ணைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். சாதாரண ரப்பர் செருப்பு.

"எதுக்குக் கேக்கிற?"

"சும்மாவாக்கும்."

"சும்மாவா, இல்ல முதலாளி கேக்கச் சொன்னானா?"

சகாயதாஸின் முகம் எப்படியோ ஆயிற்று. "நான் கடலில கிடந்தவன் அண்ணே. எனக்கு இந்த வேலையெல்லாம் தெரியாது. உப்பா வாங்கிட்டுப் போறீரே, கறி உண்டா இல்லியான்னு கேட்டேன்."

ரெத்தினதாஸ் ரோட்டில் இறங்கினார். பாறசாலைக்குப் போகிற பஸ் ஒன்று நின்று, இரட்டை மணி அடித்து, கிளம்பியது. அதன் சத்தத்தில் இருபது அடி நடந்தார். சும்மாவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. சும்மா யார் கேட்கிறார்கள் என்றும் தோன்றியது. முன்பெல்லாம் இதை யோசிக்க வேண்டியே இருந்ததில்லை.

நின்று திரும்பினார். "கறி ஒண்ணும் வைக்கல்ல சகாயா," என்றார், கொஞ்சம் உரக்க.

சகாயதாஸ் அதற்குள் குனிந்து, யாரோ ஒருவருடைய பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.